தண்ணிக்குள்ள பொரியும்

அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதில் அவர் கேட்ட சத்தம் நான் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை. நாங்கள் செய்யும் வீடியோ கேமில் வரும் பெண் தம் கட்டிக் கடலுக்குள் இறங்குவாள். அவள் தலை நீருக்குள் போனதும் கரையின் இரைச்சல் மங்கி, எல்லாமே சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் ஆக வேண்டும். ஆகியும் இருந்தது. அலுவலகத்தில் கேட்ட எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

“தண்ணிக்குள்ள இப்படியாத்தா இருக்கும்?” என்று கேட்டார் அம்மா. “காதுல பஞ்ச வச்சு அடைச்ச மாதிரில்ல இருக்கு. தண்ணிக்குள்ள பொரியும்ல?”

“பொரியுமா?”

“ஆமா. எண்ணெயில கடுகு போட்டா பொரியும்ல, அது மாதிரி. பாறப் பக்கம் போகப் போகக் கூடக் கேக்கும்.”

அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில், முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டி முங்கி முங்கி எழுகிற பெண்களில் ஒருவர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எங்கள் வீட்டில் அரிசியாகவும் பள்ளிக்கூடச் சீருடையாகவும் மாறியவை. என் கல்லூரிப் படிப்பிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. முப்பது வருடமாக ஒரு நாளில் பல மணி நேரம் தலையைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிற ஒருவர் என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் கடலடிச் சத்தம் செய்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வேலை வீடியோ கேம்களில் ஆடியோ புரோகிராமர். ஊரில் இதைச் சொன்னால் பாட்டுப் போடுகிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற மென்பொருள் நண்பர்களுக்கும் இதில் பாதிதான் தெரியும். எந்தச் சத்தம் வேண்டும், அது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து பதிவு செய்கிறவர் ஒலி வடிவமைப்பாளர். அந்தச் சத்தம் சரியான நொடியில், சரியான திசையிலிருந்து, சரியான அளவில், போனின் ஸ்பீக்கரிலிருந்து உடையாமல் வெளியே வர வேண்டும். அதற்கான நிரலை எழுதுகிறவள் நான். அவர் மீனைக் கொண்டுவருகிறார் என்றால், அது கெடாமல் சந்தைக்குப் போகிற வழி முழுக்க என் பொறுப்பு. பல நிறுவனங்களில் எஃப்மாட் அல்லது வைஸ் மாதிரியான ஒலி எஞ்சின்களை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அப்போதும் அவற்றை விளையாட்டோடு கோர்க்க ஒருவர் வேண்டும். படம் வரைகிற நிரலாளர்கள் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் ஒலிக்கு ஒருவர் இருந்தால் பெரிது. திட்டம் தொடங்கும்போது யாரும் நம்மைத் தேட மாட்டார்கள். முடியப் போகும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள்.

இந்த வேலையின் உயிர் நேரத்தில் இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. பெரும்பாலான விளையாட்டுகளில் நொடிக்கு 48,000 எண்கள். அவ்வளவையும் ஒன்றொன்றாகக் கொடுக்க முடியாது என்பதால் கட்டுக் கட்டாகக் கொடுப்போம். ஒரு கட்டில் 512 எண்கள் என்று வைத்துக்கொண்டால், அது 10.67 மில்லி நொடி ஓடும். அது ஓடி முடிவதற்குள் அடுத்த கட்டு தயாராக இருந்தாக வேண்டும். இதை எனக்கு நானே புரியவைத்துக்கொண்டது ஊற்றுத் தண்ணீரை வைத்துத்தான். எங்கள் பக்கம் கரையோர மணலில் குழி தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் எடுப்பார்கள். ஒரு குடம் வீட்டில் காலியாவதற்குள் அடுத்த குடம் நிறைந்து வந்து சேர வேண்டும். ஊறுகிற வேகம் என்ன, நடக்கிற தூரம் என்ன, இன்று விருந்தாளி வந்திருக்கிறார்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஒரு தடவை தவறினால் அடுப்பில் உலை காய்ந்துவிடும்.

படத்தில் இந்த நெருக்கடி கிடையாது. நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடுகிற விளையாட்டில் ஒரு சட்டகம் தவறினால் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். கண் அதை மன்னித்துவிடும். காது மன்னிக்காது. ஒரு கட்டு தாமதமானால் ‘டப்’ என்று ஒரு வெடிப்பு. தொடர்ந்து தாமதமானால் கரகரப்பு. சத்தத்தின் அளவைச் சட்டென்று பூஜ்யத்துக்கு இறக்கினாலும் அதே ‘டப்’ கேட்கும், ஏனென்றால் அலை பாதியில் வெட்டுப்படுகிறது. அதனால் நிறுத்து என்று கட்டளை வந்தாலும் சில மில்லி நொடிகள் எடுத்து மெல்ல இறக்கித்தான் நிறுத்துவோம்.

இங்கே பாம்பன் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் ‘லாக்’ என்ற விஷயத்தைப் பரீட்சைக்காகப் படித்தேன். அது என்னவென்று எனக்குத் தெளிவானது பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போதுதான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயரும். இரண்டிலும் விதி ஒன்றுதான். கப்பல் போகும்போது ரயில் நிற்க வேண்டும், ரயில் போகும்போது கப்பல் நிற்க வேண்டும். நிரலில் லாக் என்பது இதுதான். நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற வேலைத் தொடர்களை இழைகள் என்போம். ஒரே தரவை இரண்டு இழைகள் தொட வேண்டியிருந்தால், ஒன்று தொடும்போது மற்றது காத்திருக்கும். மற்ற வேலைகளில் இதனால் பெரிய கேடு இல்லை. ஒலி இழைக்கு இது ஆகாது. கப்பல் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் ரயிலுக்கு இருப்பது 10.67 மில்லி நொடி மட்டும்.

பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. அது உயரமாக வளைந்து போகிறது. கீழே படகு போகும், மேலே பஸ் போகும், யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஒலி நிரலில் நாங்கள் கட்டுவது இந்தப் பாலத்தைத்தான். விளையாட்டின் இழை ஒரு வட்ட வரிசையில் சீட்டுகளைப் போட்டுக்கொண்டே போகும்: இந்தச் சத்தத்தைத் தொடங்கு, அதை நிறுத்து, இதன் திசையை மாற்று என்று. ஒலி இழை மறுமுனையிலிருந்து சீட்டுகளை எடுத்துக்கொண்டே வரும். போடுகிற இடத்தின் கணக்கு ஒருவரிடம், எடுக்கிற இடத்தின் கணக்கு இன்னொருவரிடம். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கலாம், ஆனால் திருத்தக் கூடாது. சீட்டு இல்லையென்றால் ஒலி இழை காத்திருக்காது, இருப்பதை வைத்துத் தன் வேலையைப் பார்க்கும்.

இதே காரணத்தால்தான் ஒலி இழைக்குள் நினைவகம் கேட்கக் கூடாது, கோப்பு படிக்கக் கூடாது, நிரல் தன் நடப்பை எழுதிவைக்கும் குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்கிறோம். இந்தக் கடைசி விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கேயோ கரகரப்பு வருகிறது என்று கண்டுபிடிக்க ஒலி இழைக்குள் ஒரு குறிப்பேட்டு வரியைப் போட்டேன். பழைய கரகரப்பு போவதற்கு முன்னால் அந்த வரியே புதிய கரகரப்பைக் கொண்டுவந்தது. இரண்டு நாள் அந்தப் புதியதைத் துரத்தினேன்.

இதையெல்லாம் நான் சோதித்துப் பார்ப்பது விலை உயர்ந்த போனில் இல்லை. ஆண்ட்ராய்டு 8.0 வந்த 2017-இல் ஏஆடியோ என்ற புதிய வழியைக் கூகுள் கொடுத்தது. பழைய போன்களையும் சேர்த்து ஒரே மாதிரி கையாள ஓபோ என்ற நூலகத்தையும் கொடுத்தது. அதற்கு முன் பட்ட பாடு குறைந்தது உண்மைதான். இருந்தாலும் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதம். எங்கள் தெருவில் பிள்ளைகள் கையில் இருப்பது அண்ணன் மாற்றிய பழைய போன், திரையில் விரிசல் விழுந்த போன். அவற்றில் கரகரக்காமல் ஓடினால்தான் என் வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் இதற்காக நான் பலமுறை வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன். நல்ல போன் வைத்திருப்பவருக்கு மட்டும் நன்றாகக் கேட்கிற கடல் எனக்கு வேண்டாம்.

சரி, அம்மா சொன்ன பொரிகிற சத்தத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலை நீருக்கடியில் பதிவு செய்கிற மைக்கோடு சித்தப்பாவின் வள்ளத்தில் ஏறினேன். தீவுகள் பக்கம் போகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. கரையோரமாகவே, கல்லும் பவளமும் கிடக்கிற ஓர் இடத்தில் சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். மைக்கைக் கயிற்றில் இறக்கிவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

பொரிந்தது. சடசடவென்று, நிற்காமல், எல்லாப் பக்கமும். அரிசி பொரிவதுபோல், காய்ந்த பனையோலை எரிவதுபோல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சித்தப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். “இது எப்பவும் உள்ளதுதான” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சத்தத்துக்குக் காரணம் ஒரு சின்ன இறால் வகை. விரல் நீளம்கூட இருக்காது, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கும். ஆங்கிலத்தில் ஸ்நாப்பிங் ஷ்ரிம்ப் என்கிறார்கள். வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடல்களில் கல்லுக்கும் பவளத்துக்கும் இடையே கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. அது கொடுக்கை மூடுகிற வேகத்தில் நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது, அந்தக் குமிழி நசுங்கி உடைவதுதான் இந்த வெடிப்பு. கொடுக்கின் இரண்டு பக்கமும் மோதுவதால் வருகிற சத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். குமிழிதான் காரணம் என்று 2000-இல் வேகமான கேமராவை வைத்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் காதால் தேடியவர்களுக்கு இந்தப் பொரிச்சல் பெரிய இடைஞ்சலாக இருந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது பாறை பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்புறம் என் தவறு எங்கே என்று உட்கார்ந்து யோசித்தேன். நீருக்குள் போனால் சத்தம் மங்கும் என்பது விளையாட்டுகளிலும் திரையிலும் ஊறிப்போன பழக்கம். மேல் அதிர்வெண்களை வெட்டுகிற ஒரு வடிகட்டியைப் போட்டுவிட்டால் கேட்பவர் ‘ஓ, தண்ணீர்’ என்று புரிந்துகொள்வார். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. காற்றில் வருகிற ஒலி நீர்ப்பரப்பில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே போகிறது, மீதி அப்படியே திரும்பிவிடுகிறது. அதனால் கரையில் பேசுகிறவரின் குரல் மங்கத்தான் வேண்டும். ஆனால் நான் அந்த வடிகட்டியை எல்லாவற்றின் மேலும் போட்டிருந்தேன். படகு எஞ்சின் மேலும்தான். படகின் விசிறி சுற்றுவதே நீருக்குள். அந்தச் சத்தம் எந்தப் பரப்பையும் தாண்ட வேண்டியதில்லை. உள்ளே இருக்கிறவருக்கு அது மேலே கேட்பதைவிடக் கூர்மையாகக் கேட்கும். “போட்டுச் சத்தம் உள்ளதான் கூடக் கேக்கும்” என்று அம்மாவும் சொன்னார்.

பதிவு செய்த பொரிச்சலை அப்படியே ஓட்டிவிடலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம். ஆனால் பாறைக்குப் பக்கத்தில் போகப் போகக் கூட வேண்டும், விலகினால் குறைய வேண்டும். பதிவின் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தால் அந்த உணர்வு வரவில்லை, யாரோ வானொலியின் குமிழைத் திருகுவதுபோல் இருந்தது. பாறைக்கு அருகே போகும்போது சத்தம் பெரிதாவது மட்டும் நடப்பதில்லை, வெடிப்புகளின் எண்ணிக்கையே கூடுகிறது. ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனி ஒலியாக ஓட்டவும் வழியில்லை. எங்கள் விளையாட்டில் ஒரே நேரத்தில் 32 ஒலிகள்தான் ஓடலாம். இறால்களே அவ்வளவையும் சாப்பிட்டுவிட்டால் அலைக்கும் காலடிக்கும் என்ன மிஞ்சும்?

அதனால் பொரிச்சலைப் பதிவிலிருந்து எடுக்காமல் எண்களிலிருந்தே செய்தேன். இந்தப் பகுதியைச் செய்தபோது அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நொடிக்கு 200 வெடிப்புகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சம இடைவெளியில் 200 வைத்தால் அது பொரியாது. 200 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரமாகிவிடும். எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டித் தெரியவே கூடாது. எனவே 48,000 எண்களில் ஒவ்வொன்றின்போதும் ஒரு சீட்டுக் குலுக்க வேண்டும். 240-இல் ஒரு வாய்ப்பு. விழுந்தால் ஒரு துடிப்பு, விழாவிட்டால் ஒன்றுமில்லை. அந்தத் துடிப்பை ஒரு சிறிய வடிகட்டிக்குள் அனுப்பினால் ‘சட்’ என்று நனைந்த ஓசை வருகிறது. நொடிக்கு 48,000 முறை குலுக்குவதென்றால் குலுக்கும் முறை மலிவாக இருக்க வேண்டும். ஜார்ஜ் மார்சாக்லியா 2003-இல் எழுதிக் காட்டிய எக்ஸ்ஆர்ஷிஃப்ட் முறை இதற்குப் போதும். ஓர் எண்ணை மூன்று தடவை இடம் நகர்த்தித் தன்னோடு தானே கலக்கவிட்டால் அடுத்த எண் கிடைத்துவிடும்.

முதலில் கேட்டபோது தகரக் கொட்டகை மேல் மழை பெய்வதுபோல் இருந்தது. வெடிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் கேட்டன. மறுபடி பதிவைக் கேட்டேன். அதில் ஓரிரண்டு காதருகே வெடிக்கின்றன, மற்றவை எல்லாம் பின்னால் ஒரு மெல்லிய படலமாகக் கிடக்கின்றன. யோசித்தால் காரணம் எளிது. கடலடித் தரையில் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் பக்கத்தில் இடம் கொஞ்சம், தூரத்தில் இடம் நிறைய. இறால்கள் பரவலாக இருந்தால் பெரும்பாலானவை தூரத்தில்தான் இருக்கும். குலுக்கி வந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தூரமாக எடுத்துக்கொண்டு, ஓசையை அந்தத் தூரத்தால் வகுத்தேன். அவ்வளவுதான், இரண்டு வரி மாற்றம். கொட்டகை காணாமல் போய்க் கடல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவு படித்தபோது அது இதற்காக என்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. கணினியில் ஓடும் பதிப்பில், பாறையை விட்டு விலகிப் பொரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு செயலியின் சுமை ஏறியது. சத்தம் இருக்கும்போது ஏறினால் புரிந்துகொள்ளலாம், அமைதியில் ஏன் ஏற வேண்டும்? வடிகட்டியில் சுற்றுகிற எண் தேய்ந்து தேய்ந்து, பத்தின் மைனஸ் 38-ஆம் அடுக்குக்கும் கீழே போய்விடுகிறது. பூஜ்யம் ஆவதில்லை, பூஜ்யத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு சிறிய எண்களைக் கையாளும்போது பல செயலிகள் மிக மெதுவாகிவிடும். இதை டீநார்மல் என்பார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பூஜ்யமாகவே எடுத்துக்கொள் என்று செயலியிடம் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்ததும் சரியானது. யார் காதுக்கும் எட்டாத ஒரு முணுமுணுப்பு ஒரு கணினியையே திணறவைக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வேலை முடிந்தது என்று அனுப்பினேன். இரண்டு நாளில் சோதனைக் குழுவிடமிருந்து ஐந்து புகார்கள். ஐந்திலும் ஒரே செய்தி: ‘தண்ணீருக்குள் ஆடியோ கரகரக்கிறது.’

அதைப் படித்துவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மேல் தவறே இல்லை. கட்டு தாமதமானால் வருகிற கரகரப்பும் இறால் பொரிகிற சத்தமும் காதுக்கு அண்ணன் தம்பிகள். இத்தனை வருடமாக எந்தச் சத்தத்தைத் துரத்தித் துரத்தி ஒழித்தேனோ, அதைப் போன்ற ஒன்றை நானே எண்ணி எண்ணி உள்ளே வைத்திருக்கிறேன். கடலுக்குள் ஒருமுறைகூடத் தலையை விடாத ஒருவருக்கு இது போன் கெட்டுப்போன சத்தம். எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

எடுக்க மனம் வரவில்லை. அம்மா சொன்ன வாசகத்தின் பின்பாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “பாறப் பக்கம் போகப் போக.” நான் பாறையை விட்டுத் தள்ளி, மணல் தரையிலும் பொரிச்சலைத் தாராளமாக வைத்திருந்தேன். தலை உள்ளே போனதும் ஒரேயடியாகப் பொரிந்தால் யாருக்கும் கரகரப்பாகத்தான் தோன்றும். மாற்றினேன். இறங்கும் இடத்தில் மணல், அங்கே நொடிக்கு ஒன்றோ இரண்டோ. பவளத்தை நோக்கி நீந்த நீந்த இருபது, ஐம்பது, நூறு. பவளத்தின் மேல் நிற்கும்போது முழுப் பொரிச்சல். சத்தம் பவளத்திலிருந்து வருகிறது என்று காது தானே கற்றுக்கொள்கிறது. அடுத்த சுற்றில் புகார் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பவளம் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று சோதனைக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்.

இன்னொன்றும் செய்தேன், அதை யாரும் கேட்கவில்லை. மன்னார் வளைகுடாவில் 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறிப்போயின. பவளம் செத்த இடத்தில் உயிர்கள் ஒதுங்கிவிடும், சத்தமும் குறையும். நல்ல பவளத்திட்டுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசத்தை மைக் வைத்தே சொல்லலாம் என்று ஆய்வாளர்கள் இப்போது வேலை செய்கிறார்கள். எங்கள் விளையாட்டில் ஒரு மூலையில் வெளுத்த பவளத்திட்டு ஒன்று உண்டு. அதன் மேல் நின்றாலும் பொரிச்சல் கூடாது. ஓரிரண்டு வெடிப்பு, அவ்வளவுதான்.

கரையைப் பற்றிக் கொஞ்சம். மண்டபத்தில் நிலம் ஒடுங்கியிருக்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போகலாம். ஊரில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தெற்கு இரையும், வடக்கு குளம்போல் கிடக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். வடக்கில் சின்னச் சின்ன அலை, அடுத்தடுத்து. தெற்கில் தூரத்திலிருந்து வருகிற அலை, நிதானமாக, இடைவெளி விட்டு. மைக்கின் மேல் காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோமக் கூட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கரையிலும் பல நாள் உட்கார்ந்தேன். காற்று ஓயாது, பாதிப் பதிவுகள் வீண்.

பதிவு செய்த அலையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் காது கண்டுபிடித்துவிடும். நடுவில் ஒரு காகம் கரைந்திருந்தால் முடிந்தது கதை, அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் கரையும். இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. 17 நொடி, 23 நொடி, 31 நொடி என்று ஒன்றையொன்று வகுக்காத நீளங்களில் மூன்று அடுக்குகளை ஓடவிட வேண்டும். மூன்றும் மறுபடி ஒரே இடத்தில் தொடங்க 12,121 நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதன் மேல் தனி அலைகளைக் காற்றின் வேகத்துக்கு ஏற்றபடி அவ்வப்போது விழவைத்தேன். விளையாட்டில் காற்று திசை மாறினால் ஒரு கரை அடங்கும், மறு கரை எழும்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று ஊரில் சில தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். சி பிளஸ் பிளஸ் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சைன் அலையை நீங்களே எண்களாக எழுதி வேவ் கோப்பாகச் சேமித்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் கையால் எழுதிய எண்கள் ஸ்பீக்கரில் ஓசையாக வருவதைக் கேட்டால் மீதியை நீங்களே தேடிப் போவீர்கள். காதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் வருகிற படகு யாருடையது என்று எஞ்சின் சத்தத்தை வைத்துச் சொல்கிற ஊர் இது. மீனவர்களுக்கென்றே பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று ஒரு சமுதாய வானொலி நடக்கிற கரை இது.

கடைசியாகத் திசை. இதில்தான் அம்மாவோடு அதிகம் பேசினேன். பாசி எடுக்கும் பெண்களுக்குப் படகு ஆபத்தான விஷயம். முங்கியிருக்கும்போது எஞ்சின் சத்தம் நன்றாகவே கேட்கும். “ஆனா எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது. தலையச் சுத்தி எல்லாப் பக்கமும் கேக்கும். வெளிய வந்து பாத்தாதான் தெரியும்” என்றார். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைய 0.65 மில்லி நொடி வரை ஆகும். திசையைக் கண்டுபிடிக்க மூளை பயன்படுத்தும் முக்கியக் கணக்குகளில் இது ஒன்று. கடல் நீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த இடைவெளி 0.15 மில்லி நொடியாகச் சுருங்கிவிடும். போதாததற்கு நீருக்குள் ஒலி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்ளே வருவதால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கிறது. காற்றுக்குப் பழகிய மூளைக்குத் திசை பிடிபடாமல் போகிறது.

எங்கள் விளையாட்டில் நீருக்குள்ளும் எஞ்சினுக்குத் துல்லியமான திசை இருந்தது. இடமிருந்து வலமாக அழகாகக் கடந்து போகும். அந்தத் திசைக் கணக்கை முழுக்க எடுத்துவிட்டேன். தலை நீருக்குள் இருக்கும்வரை எஞ்சின் இரண்டு காதிலும் ஒன்றுபோல், நெருங்க நெருங்கப் பெரிதாகும். தலை வெளியே வந்த நொடியில் திசை திரும்பக் கிடைக்கும். விளையாடுகிறவர் குழம்புவார் என்று வடிவமைப்பாளர் தயங்கினார். பாசி எடுக்கும் பெண்கள் எப்படி மேலே வந்து பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு நாள் கழித்து, இருக்கட்டும் என்று எழுதினார்.

அன்று மாலை அம்மாவிடம் மறுபடி ஹெட்போனைக் கொடுத்தேன். திரையை அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தப் பெண்ணை மணலிலிருந்து பவளம் வரைக்கும் நீந்தவைத்தேன். பொரிய ஆரம்பித்ததும் அம்மாவின் தலை லேசாக ஆடியது. பவளத்தின் மேல் நிறுத்திவிட்டுப் படகை வரவிட்டேன். எஞ்சின் சத்தம் ஏறியது.

அம்மா கண்ணைத் திறந்து, கழுத்தை நீட்டி, வீட்டுக் கூடத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார்.